பட்டியல் வேண்டாம், வாக்கியம் கொடுங்கள்

கேள்வி: சீனாவிலிருந்து வேலைக்கு வந்திருக்கும் சிலருக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். கெட்ட பழக்கத்தை விடுவது பற்றிய ஆங்கில மரபுத்தொடர்களை, எதிரே சீனப் பொருள் எழுதிப் பட்டியலாகக் கொடுக்கலாமா?
- வாசகி, சிங்கப்பூர்

பதில்: கொடுக்காதீர்கள். ஒவ்வொரு தொடரையும் ஒரு வாக்கியத்தில் வைத்துக் காட்டுங்கள். பட்டியல் போட்டால் பெரும்பாலான தொடர்களுக்கு எதிரே 'ஜியே' என்றுதான் எழுத வேண்டிவரும். சீனத்தில் அந்த ஒரு வினையே போதும். ஜியே யென் என்றால் புகையை விடுவது, ஜியே ஜியூ குடியை விடுவது, ஜியே தூ சூதாட்டத்தை விடுவது. அதே நினைப்பில் உங்கள் மாணவர் 'ஆன் த வேகன்' என்று எழுதி, சிகரெட்டை விட்டதாகச் சொல்ல வருவார். படிப்பவரோ அவர் குடியை விட்டதாக நினைப்பார்.

அமெரிக்கத் தெருக்களில் புழுதி அடங்கத் தண்ணீர் தெளித்துப் போன வண்டிதான் அந்த 'வேகன்'. மது வேண்டாம், தண்ணீர் போதும் என்பவர் அதில் ஏறிவிட்டார்; மறுபடி குடித்தால் 'ஃபெல் ஆஃப் த வேகன்', கீழே விழுந்துவிட்டார். இந்தக் கதையைச் சொன்னாலே போதும், பாதிப் பேர் மறக்க மாட்டார்கள். 'கிக் த ஹேபிட்' (பழக்கத்தை விட்டொழிப்பது) எந்தப் பழக்கத்துக்கும் பொருந்தும், அதில் சிக்கல் இல்லை. 'டர்ன் ஓவர் எ நியூ லீஃப்' (பழையதை விட்டுப் புதிதாகத் தொடங்குவது) என்பதில் வரும் 'லீஃப்' மரத்து இலை அல்ல, புத்தகத் தாள். இதற்கு 'ஷி ஷின் கே மியென்' (நெஞ்சைக் கழுவி முகத்தை மாற்றுவது) என்று எழுதிவிடாதீர்கள். அது பெரிய தவறு செய்தவர் திருந்துவதைச் சொல்லும் கனமான தொடர். நாளை முதல் சீக்கிரம் எழுவேன் என்பவருக்கு அது அதிகம்.

'கோல்ட் டர்க்கி'யில்தான் மிகவும் கவனம் வேண்டும். படிப்படியாகக் குறைக்காமல் ஒரேயடியாக நிறுத்துவது அது. சிகரெட்டுக்கு இது நல்ல வழிதான். 2016இல் வெளியான ஒரு பிரிட்டிஷ் ஆய்வில் சுமார் 700 பேர் கலந்துகொண்டார்கள். ஒரேயடியாக நிறுத்தியவர்களில் 49 சதவீதம் பேர் நான்கு வாரம் கழித்தும் புகைக்காமல் இருந்தார்கள்; படிப்படியாகக் குறைத்தவர்களில் அது 39 சதவீதம். இரு தரப்புக்கும் தோலில் ஒட்டும் நிகோடின் பட்டை போன்ற உதவியும் ஆலோசனையும் கிடைத்தன என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மது அப்படியல்ல. பல வருடம் தினமும் நிறையக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், மனம் பேதலிக்கலாம், உயிரே போகலாம். அவர் மருத்துவர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும். அதனால் 'கோல்ட் டர்க்கி'க்கு உதாரணம் எழுதும்போது சிகரெட்டையே வையுங்கள், குடிகார மாமாவை வைக்காதீர்கள். வகுப்பில் யாராவது தன் அப்பாவின் குடியைப் பற்றிக் கேட்டால், பாடத்தை நிறுத்திவிட்டு இதை முதலில் சொல்லிவிடுங்கள்.