ஐசியு நோயாளிக்கு அமினோ அமிலம்: வாசகர் கேள்விகள்

10 சதவீத அமினோ அமில பாட்டில் 500 மில்லி போனால், சார்ட்டில் 50 கிராம் புரோட்டீன் என்று எழுதலாமா? (ஐசியு செவிலியர்)

எழுதக் கூடாது. பாட்டிலில் இருப்பது 50 கிராம் அமினோ அமிலம். அவை ஒன்றோடொன்று கோத்துப் புரோட்டீன் ஆகும்போது தண்ணீர் கழன்றுவிடும். 0.83-ஆல் பெருக்குங்கள், 41 கிராம்தான் வரும். மீதி 9 கிராம் தினமும் ஏட்டில் ஏறுகிறது, உடம்பில் ஏறுவதில்லை.

வேகத்தையும் கவனியுங்கள். மணிக்கு, கிலோவுக்கு 0.1 கிராம்தான் உச்சம். 60 கிலோ நோயாளிக்கு மணிக்கு 60 மில்லி. ஒரு பாட்டில் இறங்க எட்டு மணி நேரத்துக்கு மேலாகும். ஷிஃப்ட் முடிவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று இரண்டு மணி நேரத்தில் விட்டால் குமட்டல், வாந்தி, குளிர் நடுக்கம் வரும். ஒரு பகுதி சிறுநீரிலும் வீணாகும். கையில் போட்ட ஊசி வழியாக விட்டால் நாளம் சிவந்து வீங்கும். இந்தச் செறிவுக்கு சென்ட்ரல் லைன் (பெரிய நாளத்தில் போடும் குழாய்) வேண்டும்.

அப்பா ஐசியுவில் இருக்கிறார். எவ்வளவு புரோட்டீன் கொடுக்க வேண்டும்?

கடிதம் மொத்தமே இவ்வளவுதான். எடை, சிறுநீரகம், எத்தனையாவது நாள்: இந்த மூன்றும் எழுதாமல் அனுப்பாதீர்கள் என்று எத்தனை முறை சொல்வது? பொதுவாக, நாளைக்குக் கிலோவுக்கு 1.3 கிராம். அதுவும் முதல் நாளே அல்ல. நாலைந்து நாளில் படிப்படியாக. எடை என்றால் நோய்க்கு முந்தைய எடை, டிரிப் ஏறி வீங்கிய எடை அல்ல. பல நாள் சாப்பிடாமல் கிடந்தவர் என்றால் தயமின் (வைட்டமின் பி1) போட்டு, ரத்தத்தில் பாஸ்பேட் பார்த்த பிறகே ஃபீட் தொடங்க வேண்டும். சரியான அளவை அங்குள்ள டயட்டீஷியன்தான் சொல்ல முடியும்.

செப்சிஸ் (உறுப்புகளைப் பாதிக்கும் கடும் கிருமித்தொற்று), வென்டிலேட்டர், கிரியாட்டினின் (சிறுநீரக வேலையைக் காட்டும் ரத்த அளவு) 3. எதிர்ப்பு சக்திக்கு குளுட்டமின் பொட்டலம் வாங்கித் தரலாமா? "அமினோ அமிலம்தானே, தீங்கில்லை" என்கிறார்கள்.

வேண்டாம். இந்த "தீங்கில்லை"யைக் கேட்டுக் கேட்டு மனம் கசந்துவிட்டது. கடுமையான நோயில் ரத்தத்தில் குளுட்டமின் குறையும், குறைந்தவர்கள் அதிகம் இறக்கிறார்கள். ஆகவே கொடுத்தால் பிழைப்பார்கள் என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. 2013-ல் ரெடாக்ஸ் ஆய்வு வந்தது: 40 ஐசியுக்கள், 1,200-க்கு மேற்பட்ட நோயாளிகள், எல்லோரும் வென்டிலேட்டரில், குறைந்தது இரண்டு உறுப்புகள் செயலிழந்தவர்கள். குளுட்டமின் நாளைக்கு டிரிப்பில் கிலோவுக்கு 0.35 கிராம், குழாயில் 30 கிராம். 70 கிலோ ஆளுக்குச் சுமார் 55 கிராம். ஆறு மாதத்தில் குளுட்டமின் பெற்றவர்களில் நூற்றுக்கு 44 பேர் இறந்தார்கள். பெறாதவர்களில் 37 பேர். ரத்தம் எடுத்துப் பார்த்தவர்களில் பெரும்பாலோருக்கு குளுட்டமின் குறையவே இல்லை என்பதும் தெரிந்தது. இல்லாத குறைக்கு மருந்து போட்டிருக்கிறார்கள்.

தீக்காயத்துக்காவது உதவும் என்று கொஞ்ச காலம் சொல்லி வந்தோம். 2022-ல் 1,200 தீக்காய நோயாளிகளிடம் செய்த ஆய்வில் அங்கும் பயன் தெரியவில்லை.

குளுட்டமினில் நைட்ரஜன் இரண்டு. உடைந்தால் அம்மோனியா, அதிலிருந்து யூரியா. ஏற்கெனவே வடிகட்ட முடியாமல் திணறும் சிறுநீரகத்தின் மேல் இன்னொரு சுமை. உங்கள் நோயாளி ரெடாக்ஸ் ஆய்வில் தீங்கு அடைந்தவர்களைப் போலவே இருக்கிறார். பொட்டலம் மருந்துக்கடையில் சீட்டில்லாமல் கிடைப்பதால் அது மருந்தில்லை என்று ஆகிவிடாது. டாக்டருக்குத் தெரியாமல் எதையும் குழாயில் விடாதீர்கள். "இம்யூனிட்டி" என்று அட்டையில் போட்டிருக்கும் ஃபார்முலாவின் பின்பக்கத்தையும் படியுங்கள்; குளுட்டமினோ, ஆர்ஜினின் என்ற இன்னொரு அமினோ அமிலமோ அங்கே சின்ன எழுத்தில் இருக்கலாம். செப்சிஸில் ஆர்ஜினினும் வேண்டாம். ரத்தக் குழாய்களை விரிக்கும் நைட்ரிக் ஆக்சைடு கூடி பிரஷர் இன்னும் இறங்கும் என்ற பயம் உண்டு.

கிரியாட்டினின் ஏறினால் புரோட்டீனைக் குறைக்க வேண்டுமா?

டயாலிசிஸைத் தள்ளிப்போடுவதற்காகக் குறைக்காதீர்கள், தசை கரையும். ஆனால் ஏற்றவும் கூடாது: 2023-ல் வந்த எஃபர்ட் ஆய்வில், சிறுநீரகம் பாதித்தவர்களுக்குக் கிலோவுக்கு 2.2 கிராம் என்ற இலக்கு கெடுதலாகத் தெரிந்தது. தொடர் டயாலிசிஸ் ஓடினால் நாளுக்கு 10 முதல் 15 கிராம் அமினோ அமிலம் வடிந்து போகும். அப்போது கணக்கில் அதையும் சேர்க்க வேண்டும்.

ஆல்புமின் (ரத்தத்தில் உள்ள ஒரு புரோட்டீன்) 2 தான் இருக்கிறது. ஆல்புமின் பாட்டில் போட்டால் சத்து ஏறுமா?

ஏறாது. அழற்சியில் ஆல்புமின் தானாகவே இறங்கும். அது நோயின் வேகத்தைக் காட்டுகிறது, சாப்பாட்டை அல்ல.

கல்லீரல் மயக்கம். புரோட்டீனை நிறுத்தலாமா?

கூடாது. பழைய பழக்கம் அது. நாளைக்குக் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம்.

புரோட்டீன் பவுடர் விட்டால் மூக்குக்குழாய் அடைத்துக்கொள்கிறது. (வீட்டில் பார்த்துக்கொள்பவர்)

கொதிக்கும் தண்ணீரில் கரைக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். வே புரோட்டீன் (பால் திரிந்த தெளிநீரில் எடுப்பது) சூட்டில் திரிந்து, ரவை ரவையாக நிற்கும். கொதித்து ஆறிய தண்ணீர் 100 மில்லிக்கு ஒரு ஸ்கூப். முதலில் கொஞ்சம் தண்ணீரில் கட்டியில்லாமல் குழைத்து, பிறகு மீதியை ஊற்றி, நுரை அடங்க ஐந்து நிமிடம் விட்டு வடிகட்டுங்கள். எலுமிச்சைச் சாறோ சிரப்போ கூடவே விட்டால் குழாய்க்குள்ளேயே திரிந்துவிடும். மாத்திரைத் தூளையும் தனியாகக் கொடுங்கள். முன்னும் பின்னும் 30 மில்லி வெறும் தண்ணீர். தலைப்பக்கம் 30 டிகிரிக்குக் குறையாமல் உயர்ந்திருக்க வேண்டும்.

அடைத்துவிட்டால் 50 மில்லி சிரிஞ்சில் வெதுவெதுப்பான தண்ணீரை மெல்லத் தள்ளி, இழுத்து, தள்ளுங்கள். சின்ன சிரிஞ்சால் அழுத்தாதீர்கள், குழாய் வெடிக்கும். அசையவில்லை என்றால் குழாயை மாற்றத்தான் வேண்டும். கம்பி விட்டுக் குத்தவே கூடாது.

இன்னொன்று: ஸ்கூப் 30 கிராம் என்றால் புரோட்டீன் 30 கிராம் இல்லை. டப்பாவைத் திருப்பிப் பார்த்து, உள்ளதை எழுதுங்கள்.