புதிய அம்மோனைட் பேரினம் என்று அறிவிப்பதற்கு முன்

கேள்வி: ஜுராசிக் பாறை அடுக்கு ஒன்றில் கிடைத்த ஆறு அம்மோனைட் (சுருள் ஓடு கொண்ட, அழிந்துபோன கடல்விலங்கு) ஓடுகள் அறியப்பட்ட எந்தப் பேரினத்தோடும் பொருந்தவில்லை. இவற்றைப் புதிய பேரினமாக எப்படி விவரிப்பது?

பதில்: பெயரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்; ஓடுகள் முழு வளர்ச்சி அடைந்தவையா என்பதை முதலில் பாருங்கள். ஓட்டின் உள்ளே அறைகளைப் பிரிக்கும் தடுப்புச்சுவர்களில் கடைசி இரண்டு மூன்று மட்டும் நெருங்கி அமைந்திருந்தால், அந்த விலங்கு வளர்ந்து முடித்துவிட்டது என்று கொள்ளலாம். அந்த நெருக்கம் தென்படாத ஓடு, ஏற்கெனவே பெயர் பெற்ற ஓர் இனத்தின் இளம்பருவமாக இருக்கக்கூடும். அடுத்த ஐயம் பால்வேறுபாடு. ஒரே இனத்தில் ஒரு பாலுக்குப் பெரிய ஓடும், மறுபாலுக்குப் பெரும்பாலும் வாய்விளிம்பின் இருபுறமும் நாக்குப்போல நீண்ட மடல்கள் கொண்ட சிறிய ஓடும் இருந்தன என்பதை அம்மோனைட் ஆய்வாளர்களான மக்கோவ்ஸ்கி 1962இலும் கேலமன் 1963இலும் விரிவாக எடுத்துக்காட்டினார்கள். தனிப் பேரினங்களாக நின்ற பல பெயர்கள் ஒரே விலங்கின் இரு பால்களைக் குறித்தவை என்பது அதன் பிறகே தெளிவாயிற்று. இந்தப் பிழை மறுபடியும் நேரக்கூடாது என்பதில் நான் பிடிவாதமாகவே இருக்கிறேன்.

தையற்கோட்டுக்கு அதிக நேரம் கொடுங்கள். தடுப்புச்சுவர் ஓட்டின் உட்புறத்தோடு ஒட்டும் இடத்தில் விழும் இக்கோடு, ஓடு உரிந்த உள்வார்ப்பில் (ஓட்டுக்குள் நிரம்பி இறுகிய வண்டலில்) இலைநரம்பைப்போல நுணுக்கமாகத் தெரியும். ஆனால் வார்ப்பு தேய்ந்திருந்தால் மடிப்புகள் மழுங்கி, எளிமையான வேறொரு வகை என்று மயங்க வைக்கும். ஆகவே தேயாத பகுதியில், வெளிவளைவின் நடுக்கோட்டிலிருந்து தொப்புள் (சுருளின் நடுக்குழி) விளிம்பு வரை, குறைந்தது இரண்டு வளர்ச்சி நிலைகளில் வரைந்து, ஒவ்வொன்றுக்கும் சுருளின் உயரத்தைக் குறியுங்கள்.

வேறுபாடு இத்தனைக்கும் பிறகு நிலைத்தால், சர்வதேச விலங்கியல் பெயரிடல் விதிகளின்படி, பேரினத்தைப் பிரித்துக்காட்டும் பண்புகளை எழுத்தில் தந்து, அப்பெயருக்கு ஆதாரமாக நிற்கும் வகைமாதிரி இனத்தையும் குறிப்பிட வேண்டும். அந்த இனமும் புதிதானால், ஆறில் உடலறை (விலங்கின் உடல் இருந்த கடைசி அறை) முழுமையாக உள்ள ஓடு ஒன்றை, இனப்பெயருக்கு ஆதாரமான முதன்மை வகைமாதிரியாக அறிவித்து, அது எந்தச் சேகரிப்பில் வைக்கப்படும் என்று எழுதுவது கட்டாயம். பேரினப் பெயர் வேறெந்த விலங்குப் பேரினத்துக்கும் சூட்டப்பட்டிருக்கக் கூடாது. ‘செராஸ்’ என்று முடியும் பெயர் அஃறிணைப் பால், ‘ஐட்டிஸ்’ என்று முடிவது ஆண்பால் என்பதால், இனப்பெயரின் ஈறும் அதற்கேற்ப மாறலாம். மின்வடிவில் மட்டும் வெளியிட்டால் விலங்குப் பெயர்களுக்கான இணையப் பதிவேடான ஸூபேங்கில் முன்கூட்டியே பதிவு வேண்டும்.

ஆறு ஓடுகளில் ஒன்றில்கூட முதிர்ச்சியின் அடையாளம் இல்லையென்றால், மிக நெருங்கிய பேரினப் பெயரோடு கேள்விக்குறி இட்டு வெளியிட்டுவிட்டு, அதே அடுக்கில் இன்னும் தேடுங்கள்.