விடியற்காலை 3 மணிக்கு மோட்டார் கழுவுகிறார்!

கேள்வி: அக்கா, என் வீட்டுக்காரர் செம்பனைக் குலை வெட்டுகிறவர். பைபோலார் (மனநிலை ரொம்ப ஏறுவதும் இறங்குவதுமான நோய்) என்று 4 வருடமாக லித்தியம் சாப்பிடுகிறார், காலை 7 மணிக்கு ஒன்று, இரவு 9 மணிக்கு ஒன்று. நன்றாகத்தான் இருந்தார். போன மாதம் ரத்தத்தில் லித்தியம் அளவு 1.3 இருக்கிறது, அதிகம் என்று மருந்தைக் குறைத்தார்கள். இப்போது விடியற்காலை 3 மணிக்கே எழுந்து மோட்டார் கழுவுகிறார், பேச்சு ஓயவில்லை. மாமியார் மருந்தையே நிறுத்தச் சொல்கிறார்.
- வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: தங்கச்சி, ரத்தம் எடுத்த அன்று காலை மாத்திரையைப் போட்டுக்கொண்டா போனார்? முதலில் அதைக் கேளுங்கள். லித்தியம் அளவைக் கடைசி மாத்திரைக்கு 12 மணி நேரம் கழித்துத்தான் பார்க்க வேண்டும். 7 மணிக்கு விழுங்கிவிட்டு 9 மணிக்குக் கையை நீட்டினால் எண் ஏறித்தான் வரும், அதை நம்பி மருந்தைக் குறைத்தால் இப்படித்தான் தூக்கம் போகும். அடுத்த முறை காலை மாத்திரை உங்கள் கைப்பையில் இருக்கட்டும், ரத்தம் எடுத்த பிறகு கொடுங்கள்.

போடாமல்தான் போனார் என்றால் அவருடைய தோளைப் பாருங்கள். நாள் முழுக்கக் குலை வெட்டுகிறவருக்கு வலிக்காமல் இருக்குமா? டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் மாதிரி வலி மாத்திரைகள் லித்தியத்தை வெளியே போகவிடாமல் உடம்பிலேயே தேக்கிவிடும். கடையில் வாங்கிப் போட்டிருந்தால் டாக்டரிடம் மறைக்காதீர்கள். லித்தியமும் ஒரு வகை உப்புதான். உடம்பில் தண்ணீரும் சாப்பாட்டு உப்பும் குறைந்தால் சிறுநீரகம் லித்தியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அதனால் பிரஷருக்கு என்று திடீரென உப்பைக் குறைப்பது, வெயிலில் வேர்த்துக்கொட்டிவிட்டுத் தண்ணீர் குடிக்காமல் இருப்பது, விரதம் என்று பட்டினி கிடப்பது எல்லாமே எண்ணை ஏற்றும். பலருக்கு 0.6 முதல் 0.8 வரை வைப்பார்கள், அவருக்கு எவ்வளவு என்பதை டாக்டர் சொல்லட்டும்.

மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள், 1949-லிருந்து இந்த நோய்க்குக் கொடுத்து வரும் மருந்து இது, சட்டென்று நிறுத்தினால் நோய் வேகமாகத் திரும்பும். நீங்களாகவும் கூட்டிவிடாதீர்கள். தூக்கம் போனதே நோய் திரும்புவதற்கான அறிகுறிதான், அப்பாயின்ட்மென்ட் தேதி வரட்டும் என்று இருக்காமல் நாளைக்கே கூட்டிக்கொண்டு போங்கள், 3 மணிக் கதையையும் சொல்லுங்கள். தைராய்டு, சிறுநீரகப் பரிசோதனை 6 மாதமாகச் செய்யவில்லை என்றால் அதையும் கேட்டுவிடுங்கள்.

அப்புறம் ஒன்று. வாந்தி, வயிற்றுப்போக்கு, நாக்குக் குழறல், தள்ளாட்டம், கை பலமாக ஆடுவது, இதெல்லாம் லித்தியம் உடம்பில் அளவு மீறியதற்கான அறிகுறிகள், வந்தால் அடுத்த மாத்திரையைக் கொடுக்காமல் நேரே எமர்ஜென்சிக்குப் போங்கள், மருந்துப் பையையும் எடுத்துக்கொண்டு.