உழக்கப் பாரமாய் இருக்கிறதா? – சைக்கிள் கேள்வி பதில்

சைக்கிள் ஓடத் தொடங்கி இடையில் விட்டவர்களும் விடாமல் ஓடுகிறவர்களும் எழுதுங்கள் என்று சென்ற இதழில் கேட்டிருந்தோம். பொத்துவில் தொடக்கம் வாழைச்சேனை வரை கடிதங்கள் வந்தன. விட்டவர்களில் பலர் ‘என் சோம்பல்தான்’ என்று தங்களையே குற்றம் சொல்லியிருக்கிறார்கள். கடிதங்களை ஆற அமரப் படித்தால் சோம்பலைக் காணோம். காற்றுக் குறைந்த ரயரும், தாழ்ந்த சீற்றும், காய்ந்த செயினும்தான் வரிக்கு வரி தெரிகின்றன. பாரமாக உழக்க வேண்டிய சைக்கிளை யாரும் ஒரு மாதத்துக்கு மேல் விரும்பி எடுக்கமாட்டார்கள்.

2022இல் பெற்றோல் வரிசையில் நிற்க முடியாமல் பெரிய சைக்கிள் ஒன்று வாங்கினேன். பெற்றோலைப் பங்கிடும் கியூஆர் அட்டை வந்து, பெற்றோலும் ஒழுங்காகக் கிடைக்கத் தொடங்கியதும் அது கொட்டிலுக்குள் போய்விட்டது. திரும்ப எடுக்க ஆசை. என்னென்ன பார்க்க வேண்டும்?
– வாசகர், அக்கரைப்பற்று

கடைக்குக் கொண்டுபோவதற்கு முன் வீட்டிலேயே அரை மணித்தியாலம் பாருங்கள். எதற்குக் காசு கொடுக்கிறீர்கள் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

முதலில் ரயர். காற்றில்லாமல் நின்ற சைக்கிளில் றிம்முக்கும் நிலத்துக்கும் இடையில் ரயர் நசிந்து கிடந்திருக்கும். அந்த இடத்தின் பக்கச்சுவரை விரலால் மடித்துப் பாருங்கள். மயிரிழை போன்ற வெடிப்பு என்றால் ஓடலாம். வெடிப்புக்குள் நூல் தெரிந்தால் மாற்றத்தான் வேண்டும். மாற்றும்போது பக்கத்தில் பொறித்திருக்கும் அளவை முழுதாக எழுதிக்கொண்டு போங்கள். பெரிய சைக்கிளுக்கு அநேகமாக 28 x 1½ ஆக இருக்கும். ‘26’ என்று மட்டும் சொல்லி வாங்கி வந்து ஏமாறுகிறவர்கள் அதிகம். 26 x 1⅜ ரயர் உட்காரும் றிம்மின் விட்டம் 590 மில்லிமீற்றர். 26 x 1.95 உட்காருவது 559 மில்லிமீற்றரில். ஒன்றின் றிம்மில் மற்றது ஒருநாளும் சரிவராது.

அடுத்தது வால் ரியூப். வால்வுக்குள் மாட்டுகிற, நெல்மணி மொத்தத்தில் உள்ள அந்தச் சின்ன றப்பர்க் குழாய்தான். வெயிலில் அது இளகிப் பிசினாகிவிடும், இல்லாவிட்டால் காய்ந்து வெடிக்கும். பின்னேரம் அடித்த காற்று விடிய இல்லை என்றால், ரியூப்பைக் கழற்றுவதற்கு முன் வால்வின் வாயில் ஒரு சொட்டு எச்சில் வையுங்கள். குமிழி எழுந்தால் ரியூப்பில் ஓட்டை இல்லை, வால் ரியூப்தான் போயிருக்கிறது. சில்லறைக் காசுக்குக் கிடைக்கிற இந்தச் சாமானால் சைக்கிளையே மூலையில் போட்டவர்கள் இருக்கிறார்கள். இரண்டு மூன்றை வாங்கிப் பழைய சவர்க்காரப் பெட்டியில் போட்டு வையுங்கள்.

செயினில் மேல்துரு மட்டும் என்றால் மண்ணெண்ணெயில் ஒரு இரவு ஊறவிட்டுப் பிறஷ்ஷால் தேய்த்தால் போகும். கண்ணிகள் மடங்காமல் விறைத்து நின்றாலோ, அடிமட்டத்தால் அளக்கும்போது 12 அங்குலம் இருக்க வேண்டிய 12 முழுக் கண்ணிகள் 12⅛ அங்குலத்தைத் தொட்டாலோ செயினை மாற்றுங்கள். அந்த அளவுக்கு இழுபட்ட செயின் பின் பல்லுச் சில்லையும் தின்றிருக்கும். புதுச்செயின் பழைய பல்லில் வழுக்கும், இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டிவரும்.

கடைசியாகச் சில்லைத் தூக்கிச் சுற்றிவிட்டு அதன் நடுவில் உள்ள அக்சிலில் காது வைத்துக் கேளுங்கள். ‘கர கர’ என்றால் கிறீஸ் காய்ந்து போல்ஸ், அதாவது உள்ளே உருளும் இரும்புக் குண்டுகள், தேய்கிறது. கடையில் கழற்றும்போது போல்ஸ் முழுவதையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள். பின் அக்சிலுக்குப் பக்கத்துக்கு 9 வீதம் கால் அங்குலப் போல்ஸ், முன்னுக்குப் பக்கத்துக்கு 10 வீதம் 3/16 அங்குலப் போல்ஸ் என்பது வழமையான கணக்கு. பழையதையும் புதியதையும் கலந்து போட்டால் பருத்த போல்ஸ் மட்டும் பாரத்தைச் சுமந்து, தான் உருளும் கிண்ணத்தைக் குழியாக்கிவிடும். பிறேக் கட்டை கண்ணாடிபோல் மினுங்கினால் அரத்தாளால் உரசி விடுங்கள்.

மூன்று தடவை தொடங்கி மூன்று தடவையும் இரண்டாம் கிழமையில் நின்றுவிட்டது. உடல் நோகிறது, மனம் வரவில்லை. விடாமல் ஓடுகிறவர்கள் எப்படித்தான் ஓடுகிறார்கள்?
– வாசகர், கல்லடி

எத்தனை கிலோமீற்றர் ஓடினீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. ஆனால் முதல் நாளே பாலம் ஏறி ஊர் சுற்றி வந்திருப்பீர்கள் என்று படுகிறது. இருக்கை எலும்பு இரண்டும் சீற்றுக்குப் பழக ஏறக்குறைய இரண்டு கிழமை எடுக்கும். அந்த இரண்டு கிழமையும் 3, 4 கிலோமீற்றருக்கு மேல் போகாதீர்கள். முதல் கிழமை ஒருநாள் விட்டு ஒருநாள் போதும். மூச்சு வாங்காமல் கதைத்துக்கொண்டு ஓடக்கூடிய வேகமே வேகம்.

‘உடற்பயிற்சிக்கு’ என்று புறப்படுகிறவர்களைவிட ஒரு வேலைக்காக எடுக்கிறவர்களே நிலைக்கிறார்கள். அரசடிக்குப் பாண் வாங்க, பிள்ளையை ரியூசனில் விட, சந்தையில் மீன் எடுக்க என்று உங்களுக்கு நாளாந்தம் எப்படியும் நடக்க வேண்டிய ஒரு காரியம் இருக்கும். அந்த ஒன்றை மட்டும் இனிச் சைக்கிளில்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்ற எல்லாவற்றுக்கும் மோட்டார் சைக்கிள் போகட்டும். பாண் தேவைப்படுகிற நாளெல்லாம் சைக்கிளும் வெளியே வரும், மனம் வருகிறதா என்ற கேள்விக்கே இடமில்லை.

சைக்கிள் நிற்கும் இடமும் முக்கியம். நெல் மூட்டைக்குப் பின்னால் இருந்து இழுத்தெடுக்க வேண்டியிருந்தால் நாலாம் நாள் மோட்டார் சைக்கிள் சாவியைத்தான் கை தேடும். வாசலில், தலை வெளியே பார்க்க, ரயரில் காற்றோடு நிற்க வேண்டும். ஓடாமல் நின்றாலும் ரியூப் சிறிது சிறிதாகக் காற்றை விடும் என்பதால், கிழமைக்கு ஒரு நாள் குறித்து அடித்து வையுங்கள். பெருவிரலால் அமத்திப் பார்ப்பது ஏமாற்றும். காற்றளவு ரயரின் பக்கத்திலேயே பொறித்திருக்கும். 28 x 1½க்கு 45 முதல் 55 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) வரை என்றால் காப்பெற் ரோட்டில் இலகுவாக உருளும்.

கல்முனைக்கு வேலைக்குச் சைக்கிளில் போகிறேன், ஒரு வழி 6 கிலோமீற்றர். இரண்டு மாதமாக முழங்காலின் முன்பக்கம் நோகிறது. வயது 44. விட்டுவிடலாமா?
– வாசகர், காரைதீவு

விட வேண்டாம். சீற்றை உயர்த்துங்கள். முழங்காலின் முன்பக்கம் நோவது பெரும்பாலும் சீற் தாழ்ந்திருப்பதால் வருவது. கால் நன்றாக மடிந்த நிலையில் மிதிக்கும்போது பாரம் முழுவதும் முழங்கால் சில்லுக்குப் போகிறது.

சுவரைப் பிடித்துக்கொண்டு சீற்றில் ஏறி இருந்து, பெடலை ஆகக் கீழே கொண்டுவந்து, அதன்மேல் குதிக்காலை வையுங்கள். முழங்கால் மடியாமல் நேராக நிற்க வேண்டும். பிறகு வழமைபோல் முன்பாதத்தால் மிதிக்கும்போது ஒரு சின்ன மடிப்பு தானாக வரும், அதுதான் சரியான உயரம். ஒரே நாளில் உயர்த்தாமல் கிழமைக்கு ஒரு சென்ரிமீற்றராக ஏற்றுங்கள். சீற் கம்பி குறைந்தது 7 சென்ரிமீற்றராவது குழாய்க்குள் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் முறியும். கூட உயர்த்திவிட்டால் முழங்காலின் பின்பக்கம் நோகும், இடுப்பும் இரண்டு பக்கமும் ஆடும். அப்போது அரை சென்ரிமீற்றர் இறக்குங்கள்.

நிற்கும்போது இரண்டு காலும் நிலத்தில் படவேண்டும் என்றுதான் எல்லோரும் சீற்றைத் தாழ்த்துகிறார்கள். நிறுத்தும்போது சீற்றில் இருந்து முன்னுக்கு இறங்கி ஒரு காலை ஊன்றிப் பழகினால் அந்தப் பயம் போய்விடும். சீற்றைச் சரிசெய்து மூன்று கிழமை கழிந்தும் நோவு குறையாவிட்டாலோ, முழங்கால் வீங்கினாலோ வைத்தியரிடம் காட்டுங்கள்.

எனக்கு 38 வயது. சின்ன வயதில் பழக விடவில்லை. இப்போது பழக முடியுமா? அபாயாவோடு ஓடுவது பாதுகாப்பா?
– வாசகி, காத்தான்குடி

நிச்சயம் முடியும், சகோதரி. பின்னால் ஒருவர் பிடித்துக்கொண்டு ஓடிவருகிற பழைய முறையை விடுங்கள். பிடிக்கிறவர்தான் சமநிலையைப் பழகுவார், நீங்கள் பழகமாட்டீர்கள்.

குறுக்குக் கம்பி இல்லாத லேடீஸ் சைக்கிள் ஒன்றின் பெடல் இரண்டையும் கழற்றுங்கள். 15ஆம் இலக்கச் சாவி பெரும்பாலும் பொருந்தும். இடப்பக்கப் பெடலுக்கு மரை எதிர்ப்பக்கம் என்பதை மறக்க வேண்டாம். எந்தப் பெடலையும் சாவியை மேல்நோக்கி மாட்டிப் பின்சில்லுப் பக்கமாகத் தள்ளினால் கழரும். தெரியாமல் இடப்பெடலை மற்றப் பக்கம் முறுக்கி மரையை அழித்தவர்கள் பலர். சீற்றை இரண்டு பாதமும் முழுதாக நிலத்தில் படும்வரை தாழ்த்துங்கள். இப்போதைக்கு அந்த உயரமே வேண்டும், ஓடப் பழகிய பிறகு உயர்த்தலாம்.

இருந்துகொண்டே காலால் நிலத்தைத் தள்ளித் தள்ளி நடங்கள். பிறகு நீளமாக எட்டி வைத்து, இரண்டு காலையும் தூக்கி, சறுக்கிப் போங்கள். பார்வை முன்சில்லில் இருந்தால் விழுவீர்கள். பத்துப் பதினைந்து அடி முன்னுக்குப் பாருங்கள். சாய்கிற பக்கத்துக்கே ஹாண்டிலை மெல்லத் திருப்பினால் நிமிரும். ஐந்தாறு விநாடி கால் ஊன்றாமல் போக வந்துவிட்டால் பெடலைப் பூட்டலாம். நாளுக்கு அரை மணித்தியாலம் போதும். கடற்கரை மணலில் விழுந்தால் நோகாது என்று அங்கே போகாதீர்கள், மணலில் சில்லு புதையும், சறுக்க முடியாது. கொங்கிறீற்று ஒழுங்கை, வாகனம் இல்லாத காலை நேரம், அதுவே போதும்.

அபாயாவுக்கு மூன்று ஏற்பாடு: செயினை முழுதாக மூடும் கவர், பின்சில்லின் மேற்பாதியை மறைக்கும் வலை, தொங்கும் சால்வையை முன்னுக்கு எடுத்துச் செருகுவது. ஆபத்து செயினைவிடப் பின்சில்லில்தான் அதிகம், துணி கம்பிக்குள் போனால் சில்லு ஒரே பிடியாக இறுகிவிடும். சேலைக்கும் இதே முறைதான்.

கொக்கட்டிச்சோலையில் இருந்து ரவுணுக்குப் போகிறேன். மேற்கில் இருந்து அடிக்கும் கச்சான் காற்றுக் காலத்தில் காலையில் பறக்கிறேன், பின்னேரம் திரும்பும்போது உயிர் போகிறது.
– மாணவர், படுவான்கரை

எங்கள் பக்கம் மலை இல்லை, காற்றுதான் மலை. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். மணிக்கு 15 கிலோமீற்றரில் போகும்போது எதிரே அதே 15இல் காற்று அடித்தால், உங்கள் உடம்பில் 30இல் அடிக்கிறது. தடை இரண்டு மடங்கு அல்ல, நாலு மடங்கு. அதனால் எதிர்காற்றில் வழமையான வேகத்தைப் பிடிக்க நிற்காதீர்கள். 10இல் போங்கள். முழங்கையை மடித்து முதுகைத் தாழ்த்துங்கள், காற்றில் உப்புகிற சேட்டைப் பூட்டுங்கள்.

தினமும் ஓடுகிறவருக்கு நிரந்தரமான பரிகாரம் பின் பல்லுச் சில்லை மாற்றுவது. பெரிய சைக்கிளில் முன்னுக்கு 44 பல்லும் பின்னுக்கு 18 பல்லும் இருந்தால், பெடல் ஒரு சுற்றுக்குச் சைக்கிள் ஏறக்குறைய 5.4 மீற்றர் போகும். பின்னுக்கு 20 பல்லுப் போட்டால் 4.8 மீற்றர், 22 போட்டால் 4.4 மீற்றர். உழக்கும் பாரம் அந்த விகிதத்திலேயே குறையும், காலை கொஞ்சம் அடிக்கடி சுற்ற வேண்டும், அவ்வளவுதான். 18இல் இருந்து 20க்குப் போனால் பின்சில்லு 6 மில்லிமீற்றர் முன்னுக்கு வரும், 22க்கு 12 மில்லிமீற்றர். பின் அக்சில் மாட்டும் பிளவில் அந்த இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லாவிட்டால் செயினில் ஒரு முழுக் கண்ணி சேர்க்க வேண்டும். பூட்டிய பின் செயினின் நடுவை விரலால் தூக்கினால் ஒன்று முதல் ஒன்றரைச் சென்ரிமீற்றர் வரை ஆட வேண்டும்.

சீனி வருத்தம் இருக்கிறது, வயது 56. வைத்தியர் உடற்பயிற்சி செய்யச் சொன்னார். விடிய வெறுவயிற்றில் ஓடலாமா?
– வாசகர், திருக்கோவில்

இன்சுலின் ஏற்றுகிறவரும், கிளிபென்கிளமைட், கிளிக்கிளசைட் போன்ற குளிசை எடுப்பவரும் வெறுவயிற்றில் ஓடக்கூடாது, சீனி சட்டென்று இறங்கலாம். என்ன குளிசை என்று நீங்கள் எழுதவில்லை, வைத்தியரிடம் பெயரைச் சொல்லியே கேளுங்கள். சட்டைப்பையில் குளுக்கோஸ் அல்லது சீனி இருக்கட்டும். கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, தலை கிறுகிறுப்பு வந்தால் உடனே இறங்கி இருந்து அதைச் சாப்பிடுங்கள். செருப்போடு ஓடாமல் சப்பாத்துப் போடுங்கள், வந்ததும் பாதத்தைப் பாருங்கள். உலக சுகாதார நிறுவனம் வளர்ந்தவர்களுக்குச் சொல்வது கிழமைக்கு 150 முதல் 300 நிமிட மிதமான அசைவு. நாளுக்கு அரை மணித்தியாலம் வீதம் ஐந்து நாள் ஓடினால் 150 வந்துவிடும்.

கிழமைக்கு ஒரு பஞ்சர். ஒட்டுப் போட்டே காசு போகிறது.
– வாசகர், தம்பிலுவில்

பழைய முள் இன்னும் ரயருக்குள் இருக்கிறது. நெருஞ்சி முள்ளின் கொம்பு முறிந்து றப்பருக்குள் நின்றுவிடும், வெளியே ஒரு கறுப்புப் புள்ளிதான் தெரியும். ரியூப்பை எடுக்கும்போது வால்வு ரயரின் எந்த இடத்தில் இருந்தது என்று சோக்கால் குறியுங்கள். ஓட்டையைக் கண்டதும் ரியூப்பை அதேபோல் ரயரின்மேல் வைத்தால் முள் நிற்கும் இடம் சரியாகத் தெரியும். உள்ளே பஞ்சால் தடவுங்கள், பஞ்சு மாட்டும். ஊசி முனையால் கிளறி எடுங்கள். ஒட்டும்போது அரத்தாளால் உரசி, சொலுசன் பூசி, மினுக்கம் போகும்வரை ஐந்து நிமிடம் காயவிட்டே ஒட்டை வையுங்கள். ஈரத்தில் வைத்த ஒட்டு வெயிலில் கழரும். பக்கம் பக்கமாக இரண்டு ஓட்டை என்றால் முள்ளின் வேலை அல்ல, காற்றுக் குறைவாக ஓடிக் குழியில் விழுந்து றிம் நசித்தது.

செயினுக்குத் தேங்காயெண்ணெய் விடலாமா?
– வாசகி, ஏறாவூர்

வேண்டாம், நாள்போகப் பிசினாகும். பழைய என்ஜின் ஒயிலில் இரும்புத்தூள் இருக்கும், அதுவும் வேண்டாம். செயின் ஒயில், கண்ணிக்கு ஒரு சொட்டு. விட்டுப் பத்து நிமிடத்தில் சீலையால் வெளியை நன்றாகத் துடையுங்கள். எங்கள் கரையோர மணல், மிஞ்சிய ஒயிலில் ஒட்டினால் அரத்தாளின் வேலை செய்யும்.

மாரியில் என்ன செய்வது?
– வாசகர், செங்கலடி

வெள்ளம் அக்சிலைத் தொடும் ஆழம் என்றால் இறங்கித் தள்ளிக்கொண்டும் போகாதீர்கள், வேறு வழி பாருங்கள். போல்ஸுக்குள் போன தண்ணீர் கிறீஸைக் கழுவிவிடும். மழையில் றிம் நனைந்தால் பிறேக் உடனே பிடிக்காது, முன்கூட்டியே மெல்ல அழுத்தித் தண்ணீரைத் துடைத்துவிட்டு மீண்டும் பிடியுங்கள். தண்டவாளத்தைக் கடக்கும்போது ஹாண்டிலைத் திருப்பி நேர்குறுக்காகக் கடவுங்கள், நனைந்த இரும்பில் சரிவாக ஏறிய சில்லு நிற்காது. பின் விளக்கைப் பகலிலும் எரியவிடுங்கள். வீட்டுக்கு வந்ததும் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்துக் கால் மணித்தியாலம் விட்டால் குழாய்க்குள் போன தண்ணீர் சீற் கம்பி வழியாக வடிந்துவிடும். செயினை அன்றிரவே துடைத்து ஒயில் விடுங்கள், கடற்காற்றுப் படுகிற ஊரில் விடிவதற்குள் துரு பூத்துவிடும்.