ஏரியில் ஜிலேபி மட்டும் சாகிறது: வைரஸா?

கேள்வி: எங்கள் ஊர் ஏரியில் ஒரு வாரமாக ஜிலேபி மீன் மட்டும் தினமும் கொஞ்சம் செத்து மிதக்கிறது. கண் வெளுத்து, உடம்பில் புண். வைரஸ் என்கிறார்கள். எப்படி உறுதி செய்வது?

பதில்: ஜிலேபி மட்டும் என்று கவனித்தது நல்ல விஷயம். விடிகாலையில் எல்லா மீனும் ஒரேயடியாக மிதந்தால் பெரும்பாலும் தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்திருக்கும். ஒரே இனம் நாள்கணக்கில் செத்தால் நோயைச் சந்தேகிக்க வேண்டும்.

கண் வெளுப்பதும் புண்ணும் திலாப்பியா ஏரி வைரஸின் அறிகுறிகள் (திலாப்பியா என்பது ஜிலேபியின் இன்னொரு பெயர்). இஸ்ரேலின் கலிலேயா ஏரியில் ஜிலேபி இன மீன்கள் குறைந்துபோனதை ஆராய்ந்தவர்கள், 2014இல் அதை அடையாளம் காட்டினார்கள். வைரஸை வளர்க்க அவர்களுக்குக் கைகொடுத்தது நம் விரால் மீனிலிருந்து உருவாக்கிய செல்கள். வளர்ந்த வைரஸை ஆரோக்கியமான மீனுக்குள் செலுத்தி, அதே நோய் வந்த பிறகே காரணம் இதுதான் என்றார்கள்.

இந்தக் கடைசிப் படி ரொம்ப முக்கியம். 1980களில் தென்கிழக்கு ஆசியாவில் விராலுக்குப் புண் நோய் பரவியபோது, நோயுற்ற மீன்களில் வைரஸ் கிடைத்தது. ஆனால் உண்மையான காரணம் பூஞ்சை போன்ற ஒரு நீர்வாழ் உயிரி என்பது பிற்பாடுதான் தெளிவானது. அதனால் உங்கள் மீனிலும் வைரஸை மட்டும் தேடச் சொல்லாதீர்கள்.

சரி, எதை எடுத்துப் போவது? மிதக்கும் மீன் வேண்டாம். செத்ததுமே அழுகத் தொடங்கிவிடும். உயிர் ஊசலாடும் மீனாகப் பிடித்து, பாலித்தீன் பையில் கட்டி, ஐஸ் நடுவே வைத்து அன்றே சேர்த்துவிடுங்கள். வீட்டு ஃப்ரீசரில் உறைய வைத்தால் திசு கிழிந்து மைக்ராஸ்கோப்புக்கு உதவாது. தூரம் அதிகமென்றால் ஈரல், சிறுநீரகம், மூளைத் துண்டுகளை, அவற்றின் அளவைப் போல் பத்து மடங்கு எத்தனாலில் போடுங்கள்; கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் பரிசோதனைக்கு அது போதும். மைக்ராஸ்கோப்பில் பார்க்க இன்னொரு பங்கை ஃபார்மலினில் தனியாக வையுங்கள், இரண்டையும் கலக்கக் கூடாது. நோயில்லாத ஒரு மீனையும் ஒப்பிடச் சேர்த்து அனுப்புங்கள்.

மீன்வளத் துறை அலுவலகத்திலோ, மீன்வளப் பல்கலைக்கழகத்தின் மாதவரம் வளாகத்திலோ முதலில் போனில் பேசிவிட்டுக் கிளம்புங்கள். இந்த வைரஸ் மனிதரைத் தாக்கியதாகத் தகவல் இல்லை. ஆனாலும் செத்த மீனைச் சமைக்க வேண்டாம், காரணம் விஷமாகவும் இருக்கலாம். அந்த ஏரியில் வீசிய வலையை வெயிலில் நன்றாகக் காய வைக்காமல் வேறு குளத்தில் இறக்காதீர்கள்.