கேள்வி பதில்: உழைப்பாளர் சிலையும் என் மாமாவும்

கேள்வி: மெரினா உழைப்பாளர் சிலையைச் செய்த தேவி பிரசாத் ராய் சௌத்ரியை, "பிரெஞ்சுச் சிற்பி ரோடானைப் பார்த்துச் செய்தவர், பழைய பாணி" என்று ஓவியர் ஒருவர் பேச்சுவாக்கில் தள்ளிவிட்டார். அவ்வளவுதானா அவர்?
– வாசகி, அம்மாபேட்டை, சேலம்

பதில்: நானும் ஒரு காலத்தில் அப்படித் தள்ளியவன்தான். ஓவிய வாத்தியார் வேலைக்குப் படித்த நாட்களில் நவீன ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர்தான் எங்களுக்குக் கடவுள். சதையும் நரம்பும் முறுக்கேறிய வெண்கலச் சிலை என்றாலே சிரிப்போம்.

என்னைத் திருத்தியவர் என் தாய்மாமா. மேக்னசைட் ஜங்ஷன் பக்கம் வெள்ளைக்கல் சுரங்கத்தில் கடப்பாரை பிடித்தே காலத்தை ஓட்டியவர். ஒரு கல்யாணத்துக்காகச் சென்னை போனபோது கடற்கரைக்குக் கூட்டிப்போனேன். பாறையை நகர்த்தும் அந்த நான்கு பேரையும் ஏற இறங்கப் பார்த்தார். "இவ்வளவு சதை இருந்தா நான் எதுக்கு மாப்ளே கல்லு ஒடைக்கப் போறேன்?" என்றார். அப்புறம் சிலையைச் சுற்றி வந்து பின்பக்கம் நின்றுகொண்டார். நான் சுண்டல் வாங்கி வந்த பிறகும் அங்கேயேதான். "ஆனா காலை ஊனினது சரி. கல்லு கையால நகராது, குதிகால்லதான் நகரும்."

மாமா சொன்ன இரண்டுமே சரி. ராய் சௌத்ரி மல்யுத்தம் பழகியவர். கூலிக்காரனுக்கும் பயில்வான் உடம்பையே கொடுத்துவிட்டார். அது குறைதான், மழுப்ப வேண்டியதில்லை. ஆனால் பாரம் உடம்புக்குள் எந்த வழியாக இறங்கித் தரைக்குப் போகிறது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. ரோடானை அப்படியே திருப்பிச் செய்பவருக்கு அது கைவராது. 1959-இல் வைத்த சிலை; இன்னும் ஒரு கல்லுடைப்பவரை நிற்க வைக்கிறதே!

இன்னொன்றையும் அந்த ஓவியரிடம் கேளுங்கள்: பணிக்கர் யாரிடம் படித்தார்? இந்த ராய் சௌத்ரியிடம்தான். 1929-இல் சென்னை கலைப்பள்ளிக்குத் தலைமையேற்ற முதல் இந்தியர் இவர். கைத்தொழில் பட்டறையாக இருந்த இடத்தில் ஓவியத்தையும் சிற்பத்தையும் முன்னுக்குக் கொண்டுவந்தார். 1957-இல் அவர் விலகியதும் பணிக்கர் அந்த நாற்காலிக்கு வந்தார். 1966-இல் பணிக்கர் முன்னின்று, சென்னைக்கு அருகே சோழமண்டலம் என்ற ஓவியர் கிராமம் பிறந்தது. தன் பாணியை உதறிவிட்டுப் போகும் மாணவர்களை உருவாக்கிய வாத்தியாரைப் 'பழைய பாணி' என்று மட்டும் சொன்னால் கணக்கு உதைக்கிறது.

கேள்வி: அவர் ஓவியரும்கூடவாமே?
– வாசகர், ஏற்காடு

பதில்: ஆமாம், வங்காள ஓவியர் அவனீந்திரநாத் தாகூரிடம் கற்றவர். நீர்வண்ணத்தைக் கழுவிக் கழுவி ஏற்றும் வங்காளப் பாணியில் தொடங்கினார். மலைவாழ் பெண்களை வரைந்திருக்கிறார். உங்கள் ஊர்ப் பனியில் உட்கார்ந்து பார்த்தால் பிடிக்கலாம். எனக்கு அந்த மென்மை ஒட்டவில்லை. களிமண்ணைத் தொட்டபோதுதான் அவர் அவராகிறார்.

கேள்வி: சேலத்திலிருந்தே அவர் வேலையைப் பார்க்க வழி உண்டா?
– கல்லூரி மாணவர், சூரமங்கலம்

பதில்: நம் ஊர் ரவுண்டானாக்களில் தேடாதீர்கள். அங்கே எந்தச் சிலையானாலும் விசேஷத்துக்கு விசேஷம் தங்க பெயிண்ட் பூசி, மூக்கும் கன்னமும் ஒன்றாகிவிடுகின்றன. வீட்டுப் பெரியவர்களின் பீரோவைத் துழாவுங்கள். 2016 நவம்பரில் செல்லாமல் போன பழைய ஐந்நூறு ரூபாய் நோட்டு ஒன்று புடவை மடிப்பில் தப்பியிருக்கும். அதன் பின்பக்கம் தடியூன்றிக் காந்தி முன்னால் நடக்க, மற்றவர்கள் தொடரும் தண்டி யாத்திரைக் காட்சி இருக்கிறதல்லவா? டெல்லியில் 'பதினோரு மூர்த்தி' என்று சொல்லும் அவருடைய சிலைத்தொகுப்புதான் அது. மாமா வீட்டில் ஒன்று இருக்கிறது. பூதக்கண்ணாடியோடு வந்தால் காட்டுவார். நோட்டைக் கையில் மட்டும் தரமாட்டார்.