கிணறுகளை என்ன செய்தார்கள்?

மதிப்புக்குரிய ஐயா,

சென்ற ஓகஸ்ட் மாதம் அம்மாவையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு ஒன்ராறியோவின் மொறிஸ்பேர்க் அருகிலுள்ள அப்பர் கனடா வில்லேஜுக்குச் சென்றிருந்தோம். ஆதிக் குடியேறிகளின் வீடுகள், தேவாலயம், பாடசாலை, ஆலைகள் எல்லாவற்றையும் 1866ஆம் ஆண்டில் இருந்தபடி பேணி வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளுக்குக் குதிரை இழுக்கும் படகு மிகவும் பிடித்துவிட்டது. ஆனால் என் கணவர் பாதி வழியிலேயே, "இது படப்பிடிப்புக்காகச் செட் போட்ட ஊர், எங்கேயோ இருந்த வீடுகளைக் கொண்டுவந்து வரிசையாக வைத்திருக்கிறார்கள், இதற்கா இவ்வளவு நுழைவுக் கட்டணம்" என்று சலித்துக்கொண்டார்.

அம்மா 1990இல் போரினால் யாழ்ப்பாணத்தின் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தவர். பல ஆண்டுகளுக்குப் பின் இராணுவத்திடமிருந்து காணி விடுவிக்கப்பட்டபோது போய்ப் பார்த்தார்; வீடு இருந்த சுவடே இல்லை, கிணறு மட்டும் இருந்தது. அணைக்கட்டுக்காக மூழ்கடிக்கப்பட்ட ஊர்களிலிருந்தும் இங்கே கட்டடங்கள் வந்திருக்கின்றன என்று நான் சொன்னதும், அம்மா மெதுவாக, "அப்ப கிணறுகளை என்ன செய்தவை?" என்று கேட்டார். எங்களில் யாருக்கும் பதில் தெரியவில்லை. இப்படிப்பட்ட இடங்களை வரலாறு என்று சொல்லலாமா, அலங்காரம் என்று சொல்வதா? அம்மாவை மீண்டும் அழைத்துச் செல்லலாமா?

அன்புடன்,
சி., ஒட்டாவா

அன்புள்ள சி.,

அந்த இடத்தைப் பற்றி நான் கேட்டவற்றுள் மிகச் சரியான கேள்வி உங்கள் அம்மா கேட்டதுதான். ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

சென் லோரன்ஸ் ஆற்றில் பெருங்கப்பல்கள் உள்நாட்டு ஏரிகள் வரை வந்து போவதற்கும் மின்சாரம் எடுப்பதற்குமாக, 1950களில் கனடாவும் அமெரிக்காவும் சேர்ந்து கடல்வழித் திட்டத்தை நிறைவேற்றின. 1958 யூலை 1ஆம் திகதி காலை எட்டு மணிக்கு, கட்டுமானத்தின்போது ஆற்றை மறித்திருந்த தற்காலிக அணையை 30 தொன் வெடிமருந்து வைத்துத் தகர்த்தார்கள். வெள்ளம் பாய்ந்து ஊர்களை அடித்துக்கொண்டு போகும் என்று கரையில் கூடி நின்றவர்கள் எதிர்பார்த்திருக்கலாம்; தண்ணீரோ சாவகாசமாக, வயல்களிலும் தெருக்களிலும் சிறிது சிறிதாக ஏறி, நான்கு நாட்களில் எல்லாவற்றையும் மூடியது. ஓல்ட்ஸ்வில், வேல்ஸ், மூலினெட், டிக்கின்சன்ஸ் லாண்டிங் முதலான ஊர்கள் அப்படித்தான் நீருக்கடியில் போயின. ஏறத்தாழ 6,500 பேர் இடம்பெயர்ந்தார்கள். லோங் சோ என்ற பேர்பெற்ற நீர்விரைவும் இந்தத் திட்டத்தால் ஓசையடங்கிற்று.

அதற்கு முந்திய ஆண்டுகளில் 500க்கும் மேற்பட்ட வீடுகளை அத்திவாரத்திலிருந்து அப்படியே தூக்கி, ஆளுயரத்தை மிஞ்சும் சக்கரங்கள் பூட்டிய பெரும் இரும்புச் சட்டகத்தில் ஏற்றி, வீதி வழியாக நகர்த்திச் சென்றார்கள். அலுமாரியிலுள்ள பீங்கான்களைக்கூட வெளியே எடுக்கவேண்டியதில்லை என்று குடும்பங்களுக்குச் சொல்லப்பட்டதாம். காலையில் ஓர் ஊரில் தேநீர் குடித்த குசினி, மாலையில் மைல்கள் தள்ளி இன்னோர் ஊரில், புதிய கொங்கிரீட் அத்திவாரத்தின் மேல் நிற்கும். இங்கிள்சைட், லோங் சோ என்ற பெயர்களில் புதிதாகத் திட்டமிடப்பட்ட அந்நகரங்களில் குழாய்நீரும் கழிவுநீர்க் கால்வாயும் இருந்தன. நகர்த்தத் தகுதியற்றவை என்று கண்ட வீடுகளை இடித்தார்கள், எரித்தார்கள். படகுகளுக்கு இடைஞ்சலாகாதபடி மரங்களை அடியோடு வெட்டினார்கள். ஆனால் தெருக்கள், நிலவறைகள், அத்திவாரங்கள் ஆகிய நிலத்தில் வேரோடியவை அனைத்தும் இருந்த இடத்திலேயே இருந்துவிட்டன. கிணறும் அந்த இனத்தைச் சேர்ந்ததுதான். வீட்டைச் சட்டகத்தில் ஏற்றலாம், கிணற்றை ஏற்ற முடியாது; புதிய ஊரில் அதற்கு வேலையும் இருக்கவில்லை. குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறதே என்று மகிழ்ந்தவர்களும் அந்த மக்களிடையே இருந்தார்கள் என்பதையும் அம்மாவுக்குச் சொல்லுங்கள். அதைச் சொல்லாமல் விட்டால் நாம் அவர்களுடைய கதையை நம்முடைய கதையாக மாற்றிக்கொள்வோம். உங்கள் அம்மாவின் வீட்டைச் சட்டகத்தில் வைத்து யாரும் பத்திரமாக நகர்த்தித் தரவில்லை.

இனி உங்கள் கணவரிடம் வருகிறேன். அவர் சொன்னதில் பாதி உண்மை, அந்தப் பாதியை நான் மறுக்கப்போவதில்லை. 1961இல் திறக்கப்பட்ட அப்பர் கனடா வில்லேஜ் ஒருநாளும் ஓர் ஊராக இருந்ததில்லை. அங்கே நிற்கும் கிறைஸ்ட் தேவாலயம் 1837இல் மூலினெட்டில் கட்டப்பட்டது; கம்பளி ஆலை கிங்ஸ்டனுக்கு அப்பாலுள்ள ஒடெசாவிலிருந்து வந்தது; மாவாலை நோர்த் ஒகஸ்டாவைச் சேர்ந்தது. பின்னவை இரண்டுக்கும் வெள்ளத்தோடு சம்பந்தமே இல்லை. ஒன்றையொன்று அறியாத கட்டடங்களை அயலவர்களாக்கி, கனடா என்ற கூட்டமைப்பு உருவாவதற்குச் சரியாக ஓராண்டு முன்னதான 1866ஐத் தேர்ந்தெடுத்து, அந்த ஆண்டிலேயே கடிகாரத்தை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அங்கே வேலிகள் இருக்கின்றன, வேலிச் சண்டை இல்லை. கடை இருக்கிறது, கடன் கொப்பி கட்டிய பகை இல்லை. யாழ்ப்பாணத்தவர்களாகிய நாம் எல்லைக் கதியாலுக்கு வழக்காடாத ஊரை ஊர் என்று ஒப்புக்கொள்வோமா என்ன!

ஆனால் வீடுகளை மட்டும் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவருக்குத்தான் அது செட் போலத் தெரியும் என்பது என் எண்ணம். வரவேற்பறைகளில் கயிறு கட்டியிருக்கிறார்கள், நாம் வாசலில் நின்று எட்டிப் பார்க்கிறோம், மேசைமேல் யாரும் சாப்பிடாத தட்டுகள் அடுக்கப்பட்டிருக்கின்றன. உங்கள் கணவருக்கு அலுத்ததில் வியப்பில்லை. ஆலைகளில் நிலைமை வேறு. நான் அங்கே சென்ற நாளில் கம்பளி ஆலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றேன். நூல் நூற்கும் பொறியின் வண்டி, தரையில் பதித்த பாதையில் பின்னோக்கி உருண்டுவர வர, வரிசையாகக் கட்டிய இழைகள் அனைத்தும் ஒரே நேரத்தில் நீண்டு, முறுக்கேறி, மீண்டும் வண்டி முன்னே போகையில் கதிர்களில் சுற்றிக்கொள்கின்றன. இடையில் ஓரிழை அறுந்தது. பொறியை இயக்கிய பெண் அதை நிறுத்தவில்லை. வண்டியோடு கூடவே நடந்து, அறுந்த முனையைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் ஒருமுறை உருட்டி, நகரும் நூலோடு ஒட்டவைத்துவிட்டு அடுத்த இழையைப் பார்த்தார். ஆட்டுக் கொழுப்பின் வாடை உடையில் ஏறி, வீடு திரும்பும்வரை போகவில்லை. அந்தப் பெண் 1866ஆம் ஆண்டுக்காரியாக நடிக்கலாம், ஆனால் அறுந்த நூலை ஒட்டியதில் நடிப்பு எதுவும் இல்லை. அந்தக் கைப்பழக்கத்தை ஓர் உடம்பு இன்னோர் உடம்புக்குக் கற்றுக்கொடுத்தால் மட்டுமே அது உயிரோடிருக்கும். கண்ணாடிப் பெட்டிக்குள் பொறியை வைத்துப் பூட்டினால் ஒரு தலைமுறையில் அது போய்விடும். அதே போல அங்குள்ள மாவாலையில் அரைக்கும் மாவில்தான் ரொட்டி சுட்டு விற்கிறார்கள். வாங்கிச் சாப்பிட்டீர்களா? நுழைவுக் கட்டணத்தில் ஒரு பகுதியை அது ஈடுசெய்யும் என்று உங்கள் கணவரிடம் சொல்லுங்கள்.

நீங்கள் எழுதிய 'ஆதிக் குடியேறிகள்' என்ற சொல்லைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டியிருக்கிறது. 1784 முதல் அந்தக் கரையில் குடியேறியவர்களுள் பெரும்பாலோர், அமெரிக்கப் புரட்சியில் பிரித்தானிய மன்னர் பக்கம் நின்று, தோற்று, காணி பூமியை இழந்து வந்தவர்கள். இன்றைய சொல்லில் அகதிகள். அவர்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்ட நிலம் அதற்கு முன் ஆளில்லாமல் கிடக்கவில்லை. அதே ஆற்றின் கீழ்ப்பக்கம் மோஹோக் என்ற பூர்வகுடி மக்களின் அக்வெசாஸ்னே என்ற ஊர் இருக்கிறது. காட்டுக்கோழி சிறகடித்து முழங்கும் இடம் என்பது அப்பெயரின் பொருள். கடல்வழித் திட்டம் அவர்களுடைய நிலத்தையும் எடுத்தது, அவர்கள் மீன் பிடித்து வாழ்ந்த ஆற்றையும் மாற்றியது. மன்னரின் விசுவாசிகளுடைய வீடுகளுக்கு ஒரு மாதிரி ஊர் கிடைத்தது; மோஹோக் மக்களின் இழப்புக்கு அப்படிப்பட்ட நினைவூர் எதையும் யாரும் கட்டித் தரவில்லை. என்னைக் கேட்டால், செட் என்ற குற்றச்சாட்டைவிட இதுவே கனமான குற்றச்சாட்டு. அந்த ஊரில் யார் வீடு இருக்கிறது என்று பார்ப்பதோடு, யார் வீடு இல்லை என்பதையும் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள்.

அம்மாவை மீண்டும் அழைத்துச் செல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டாயம் அழைத்துச் செல்லுங்கள், ஆனால் இம்முறை வரிசையை மாற்றுங்கள். முதலில் லோங் சோவுக்கு அருகிலுள்ள ஓல்ட் பார்க்கிற்குப் போங்கள். மூழ்கிய ஊர்களின் மக்கள் 1977இல் தொடங்கிய வரலாற்றுச் சங்கத்தின் சிறிய அருங்காட்சியகம் அங்கே இருக்கிறது. அதில் ஆடம்பரம் எதுவும் கிடையாது: ஒரு மரக்குற்றி வீடு, ஒரு பலசரக்குக் கடை, ஒரு முடிதிருத்தும் கடை, மூலினெட்டின் ரயில் நிலையம். மூலினெட்டின் தேவாலயம் ஒரு பூங்காவிலும் அதன் ரயில் நிலையம் வேறொரு பூங்காவிலுமாக, அரை மணி நேர ஓட்ட தூரத்தில் பிரிந்து நிற்பதை அம்மாவுக்குக் காட்டுங்கள். ஊர் சிதறுவது என்றால் என்னவென்று அவருக்கு விளக்க வேண்டியிராது. பிறகு அப்பர் கனடா வில்லேஜுக்குச் சென்று, உள்ளே நுழையுமுன் வெளியே இருக்கும் முன்னோர் நினைவிடத்தைப் பாருங்கள். குடும்பங்கள் விரும்பிய கல்லறைகளை மட்டும் இடம்மாற்றினார்கள். மற்றவை கற்களால் மூடப்பட்டு நீருக்கடியில் இருக்கின்றன. அவற்றிலிருந்து எடுத்த பெயர்க்கற்களுட் சில நினைவிடத்தின் செங்கற் சுவர்களில் பதிக்கப்பட்டுள்ளன. அவற்றை வாசிக்கச் சற்று நேரம் எடுக்கும், நிழல் குறைவு, ஆகவே அம்மாவுக்குத் தொப்பியும் தண்ணீர்ப் போத்தலும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.

நீர்மட்டம் தாழ்ந்திருக்கும் காலமாக இருந்தால், திரும்பும் வழியில் கரையோரமாக வாகனத்தை மெதுவாகச் செலுத்துங்கள். பழைய நெடுஞ்சாலை தார் வெடித்தபடி நேராக ஆற்றுக்குள் இறங்கிப் போவது ஓரிரு இடங்களில் தெரியும், சில வேளைகளில் அத்திவாரக் கற்களும் வெளியே வரும். அம்மாவின் கேள்விக்குப் பதில் அங்கேதான் எங்கோ இருக்கிறது.

அன்புடன்.